குடிபுகுந்தோர் தொழிலும் மொழியும்: ஆற்காட்டு வட்டாரச் சான்றுகள்

1. முன்னுரை

பிறந்த மண்ணைவிட்டு வேற்று மண்ணிற் குடிபுகும் மக்களுக்கு இரண்டு தேவைகள் உடனே எழுகின்றன. ஒன்று, வயிறு வளர்ப்பதற்கு ஒரு தொழில். மற்றொன்று, அத்தொழிலைச் செய்தற்கும் அண்டை அயலாரொடு பழகுதற்கும் ஒரு மொழி. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி வளர்வன என்பது பொதுவான எண்ணம். மொழி கற்றவன் நல்ல தொழில் பெறுவான், தொழில் பெற்றவன் விரைவில் மொழி கற்பான், இரண்டும் கூடிய வழி அவன் அந்நாட்டு மக்களுள் ஒருவனாகக் கலந்துவிடுவான் என இக்காலப் பொருளியலாரும் சமூகவியலாரும் பெரும்பாலும் கருதுகின்றனர்.

இக்கருத்து எல்லா இடத்தும் பொருந்துமா? மொழி ஒன்றாயிருந்தும் கலவாதவர் இலரோ? மொழி வேறாயிருந்தும் தொழிலால் வேரூன்றியவர் இலரோ? இவ்வினாக்களுக்கு விடைகாண வெளிநாடுகளை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. பாலாற்றங்கரையில் ஆற்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வட்டாரமே போதிய சான்றுகளைத் தருகின்றது. அச்சான்றுகளைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலம்பெயர்ந்து வந்தோர் தமிழகத்தில் வாழ்ந்தமை பண்டைக்காலந்தொட்டே அறியப்பட்ட செய்தி. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் கூடி இனிது உறைந்தமையைப் பட்டினப்பாலை பாடுகின்றது. வேற்று நிலத்துச் சொற்கள் தமிழில் வந்து வழங்குதலைத் தொல்காப்பியர் திசைச்சொல் என ஒரு வகையாகவே பகுத்து இலக்கணம் கூறினார். ஆகவே குடிபுகுந்தோரையும் அவர்தம் மொழியையும் பற்றி ஆராய்தல் தமிழாராய்ச்சிக்குப் புறம்பானதன்று.

2. திமிரியும் அதன் சூழலும்

திமிரி, ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர். 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபொழுது இவ்வூர் புதிய இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சார்ந்தது. வரலாற்றில் இதன் பெயர் ஒரு போர்ச் செய்தியால் இடம்பெறுகின்றது. 1751-ஆம் ஆண்டில் கிளைவு ஆற்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றியபொழுது அங்கிருந்து வெளியேறிய காவற்படையினர் திமிரிக்கு அண்மையிற் பாசறை அமைத்தனர். கிளைவு அவர்களை நோக்கிப் படை நடத்தினான். புகழ்பெற்ற ஆற்காட்டு முற்றுகை அதன் பின்னரே நிகழ்ந்தது.

திமிரியில் நின்று நாற்றிசையும் நோக்குவார்க்கு இவ்வட்டாரத்தின் மொழி வேற்றுமை நன்கு புலனாகும். வடக்கே ஆற்காடு, தக்கணி உருது பேசும் நவாபுகளின் பழைய தலைநகர். தெற்கே ஆரணி, 17-ஆம் நூற்றாண்டு முதல் மராத்தி பேசிய சாகீர்தார் குடும்பத்தின் ஆட்சியில் இருந்த ஊர். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. வடக்கே பாலாற்றைக் கடந்தால் வாலாசாப்பேட்டை. அதன் பெயரே நவாபு முகம்மது அலி வாலாசாவை நினைவூட்டுவது. மேற்கே மேல்விசாரமும் வேலூரும், அவற்றிற்கும் அப்பால் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிலால் உலகச் சந்தையொடு தொடர்புடையன. வடக்கிற் சற்றுத் தொலைவு சென்றால் தெலுங்கு நாட்டெல்லை வந்துவிடும். இத்துணை மொழிகளும் ஒரு நாளில் நடந்து திரியத்தக்க பரப்பிற்குள் வழங்குதலின் இவ்வட்டாரத்தை மொழிக்கலப்பின் ஆய்வுக்களம் எனலாம்.

3. ஆட்சியொடு வந்த மொழி

17-ஆம் நூற்றாண்டில் பீசப்பூர்ப் படையும், பின்னர் மராத்தியர் படையும், அதன்பின் முகலாயர் படையும் இந்நிலப்பகுதிக்கு அடுத்தடுத்து வந்தன. 1698-இல் செஞ்சிக் கோட்டை முகலாயர் வசமாயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்காடு கருநாடக நவாபுகளின் தலைநகராக உயர்ந்தது. படைவீரர், கணக்கர், வரி தண்டுவோர், சமய அறிஞர், கைவினைஞர் எனப் பலர் தக்கணத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்து குடியேறினர். 1749-இல் ஆம்பூர்ப் போரில் உயிர்நீத்த நவாபு அன்வருத்தீன் கானின் குடும்பமே கங்கைச் சமவெளியிலுள்ள கோபாமாவு என்னும் ஊரினின்று வந்ததாகும்.

இவர்கள் அகதிகளல்லர், ஆளவந்தோர். ஆதலின் வந்தேறிய நாட்டின் மொழியைக் கற்றாக வேண்டும் என்னும் நெருக்கடி இவர்க்கு எழவில்லை. மாறாக, ஆளப்பட்டோரே அவர்தம் சொற்களைக் கற்றுக்கொண்டனர். சர்க்கார், ஜில்லா, தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், கிஸ்தி, பாக்கி, ரசீது, இனாம், மிராசு, வாரிசு, ஜாமீன், ஜப்தி, வக்கீல், அசல், நகல், ஆஜர், ராஜினாமா என வருவாய்த்துறையிலும் நீதிமன்றத்திலும் வழங்கும் சொற்கள் இதற்குச் சான்று. இச்சொற்களின் பொருளை நோக்குக. அனைத்தும் அதிகாரத்தையும் வரியையும் வழக்கையும் பற்றியன. உழவு, உறவுமுறை, உடலுறுப்பு ஆகியவை பற்றிய சொற்கள் இவ்வாறு இடம்பெயரவில்லை. ஒரு மொழி எவ்வாயில் வழியாக மற்றொரு மொழியுட் புகுகின்றதோ அவ்வாயிலின் அடையாளத்தை அதன் சொற்கள் தாங்கி நிற்கும் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் கொடுத்தது ஒருபக்கமாக மட்டும் இல்லை. தென்னாட்டில் வழங்கும் தக்கணி உருது, வடநாட்டு உருதுவினின்று பல வகையில் வேறுபட்டது. ‘வேண்டா’ என்னும் பொருளில் வழங்கும் ‘நக்கோ’ மராத்தியிலிருந்து வந்த சொல். அதனினும் சிறந்த சான்று தொடரமைப்பிற் கிடைக்கின்றது. பிறர் கூற்றை எடுத்துரைக்குமிடத்துத் தமிழர் ‘வருவேன் என்று சொன்னான்’ என்பர். இதில் ‘என்று’ என்பது ‘சொல்லி’ எனப் பொருள்படும் வினையெச்சம் அன்றோ? தக்கணி பேசுவோரும் அவ்விடத்தே ‘சொல்லி’ எனப் பொருள்படும் ‘போல்கே’ என்னும் எச்சத்தைப் பெய்து தொடரை முடிக்கின்றனர். இது வடநாட்டு உருதுவின் இயல்பன்று. திராவிட மொழிகளின் தொடரமைப்பு அம்மொழியுட் புகுந்ததன் விளைவென மொழிநூலார் கொள்வர். சொல் ஆள்வோரிடமிருந்து ஆளப்படுவோர்க்குச் சென்றது. தொடரமைப்போ ஆளப்படுவோரிடமிருந்து ஆள்வோர்க்குச் சென்றது. அலுவலகத்தில் அவர்கள் மொழி வென்றது. அடுக்களையிலும் தெருவிலும் நம் மொழியின் நடை வென்றது.

வேலூரிற் பிறந்த பாக்கர் ஆகா என்னும் 18-ஆம் நூற்றாண்டுப் புலவர், அரபியும் பாரசீகமும் அறியாத எளிய மக்களுக்காகத் தக்கணியில் நூல்கள் இயற்றினார். வந்த மொழி இம்மண்ணில் தனக்கென இலக்கியம் படைக்கும் அளவிற்கு வேரூன்றிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

4. தோல் மண்டியும் உருதுவும்

1801-இல் கருநாடகத்தின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியின் கைக்கு மாறிற்று. 1855-இல் நவாபுப் பட்டமும் ஒழிந்தது. ஆட்சியை நம்பி வாழ்ந்த குடிகள் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் வளரத் தொடங்கிற்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இப்பகுதியிற் கிடைத்தன. பாலாற்று நீர் இருந்தது. சென்னைத் துறைமுகத்திற்கு இருப்புப்பாதையும் அமைந்தது. பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குச் சென்று அங்கிருந்து கடல் கடந்தது.

இத்தொழிலில் முதலிட்டவருட் பெரும்பாலோர் முசுலிம் வணிகர். இவருள் ஒரு பகுதியினர் இலப்பைகள் எனப்படும் தமிழ் முசுலிம்கள். தமிழகக் கடற்கரையில் வாழும் தமிழ் முசுலிம்கள் தமிழையே தாய்மொழியாகப் போற்றி வந்தனர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அரபுத்தமிழ் என்னும் எழுத்துமரபும் அவர்களிடையே தோன்றியவை. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியில் இலப்பைகளுட் பலர் காலப்போக்கில் உருதுவைத் தம் வீட்டுமொழியாக ஏற்றுக்கொண்டனர் என்று முசுலிம் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். இது வியப்புக்குரிய செய்தி. குடிபுகுந்தோர் உள்நாட்டார் மொழியை ஏற்பர் என்பது பொதுவிதி. இங்கோ உள்நாட்டார் குடிபுகுந்தோரின் மொழியை ஏற்றனர். அதுவும் ஆட்சி இருந்த காலத்திலன்றி, ஆட்சி மறைந்து அதன் பெருமை மட்டும் எஞ்சியிருந்த காலத்தில் இம்மாற்றம் வலுப்பெற்றது.

இதன் காரணம் யாது? வணிகத்தில் உயர்ந்த ஒரு குடி, பொருளொடு மதிப்பையும் நாடுதல் இயற்கை. நவாபு மரபின் மொழியாகிய உருது, இந்திய முசுலிம்களின் பொதுமொழி என்னும் பெருமையையும் அக்காலத்திற் பெற்றிருந்தது. சமயக் கல்வியும் நூல்களும் அம்மொழியிற் கிடைத்தன. எனவே மொழி ஊதியத்தைப் பின்பற்றியதினும் மதிப்பைப் பின்பற்றியது எனல் பொருந்தும்.

அவ்வாறாயினும் தமிழ் இவர்தம் வாழ்வினின்று நீங்கவில்லை. தோல் பதனிடும் களத்திற் சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சார்ந்த தமிழ் பேசும் தொழிலாளர். அவரொடு முதலாளியும் மேலாளும் தமிழிலேயே பேசினர். வீட்டில் உருது, களத்தில் தமிழ், ஏற்றுமதிக் கடிதத்தில் ஆங்கிலம் என மூன்று மொழிகளும் இடம் பிரித்து வாழ்ந்தன. மொழிநூலார் இதனை இடம்சார் மொழிப்பங்கீடு எனலாம். வாணியம்பாடியில் 1919-இல் தோன்றிய இசுலாமியாக் கல்லூரியும், மேல்விசாரத்தில் 1965-இல் தோல் வணிக வள்ளல் அப்துல் அக்கீமின் பெயரால் நிறுவப்பட்ட கல்லூரியும் இவ்வணிகத்தின் செல்வம் கல்வியாக மாறியதன் சின்னங்கள்.

1970-களின் தொடக்கத்தில் பச்சைத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டுப் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின் இவ்வட்டாரம் முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் நிலைக்கு உயர்ந்தது. காலணி ஆலைகளிற் பெண்கள் பேரளவிற் பணிக்கு வந்தனர். தொழில் பெருகப் பெருகப் பாலாறு மாசுற்றது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல்லாயிற்று.

உருது பேசும் குடிகளின் மொழிநிலையில் இக்காலத்து எழுந்த வினா ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், பள்ளிகளில் முதல் வகுப்புத் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. மொழிச் சிறுபான்மையினர் விலக்கு வேண்டி நீதிமன்றங்களை நாடினர்; விலக்கும் பெற்றனர். இருநூறு முந்நூறு ஆண்டுகள் தமிழ் மண்ணில் வாழ்ந்து, தமிழிற் பேசி வணிகம் செய்யும் குடியின் பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியவேண்டும் என்பது நேர்மையான வேண்டுகோள். அப்பிள்ளை தன் வீட்டுமொழியின் எழுத்தை இழக்கலாகாது என்பதும் நேர்மையான வேண்டுகோளே. இரண்டையும் நிறைவேற்றுதற்கு வேண்டுவது நல்லாசிரியரும் நல்ல பாடநூலுமாம். சட்டம் மட்டும் இதனைச் செய்துவிடாது.

5. தறியொடு வந்தோர்

ஆரணியிலும் வாலாசாப்பேட்டையிலும் வாழும் சௌராட்டிர நெசவாளர் மற்றொரு வகையினர். குசராத்துப் பகுதியினின்று பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டு, தக்கணத்தின் வழியாகத் தமிழகம் வந்து, மதுரை, சேலம், கும்பகோணம் முதலிய நகரங்களில் இவர்கள் குடியேறினர். பட்டுநூற்காரர் என்னும் பெயரே இவர்தம் தொழிலைச் சுட்டும். இவர்கள் வாளொடு வந்தவரல்லர், தறியொடு வந்தவர்.

இவர்தம் வீட்டுமொழி இந்தோ ஆரிய இனத்தைச் சார்ந்தது. வந்த வழியெல்லாம் மராத்தி, கன்னடம், தெலுங்குச் சொற்களைத் தொகுத்துக்கொண்டு, இறுதியில் தமிழின் செல்வாக்கிற்கும் அம்மொழி உட்பட்டது. அதற்கெனத் தனி எழுத்தும் உண்டு; எனினும் பலரும் தமிழ் எழுத்தாலேயே அதனை எழுதுவர். இவர்கள் தமிழைக் கல்விமொழியாகவும் சந்தைமொழியாகவும் முழுமனத்தோடு ஏற்றனர். வீட்டுமொழியை மதிப்புக்காகவோ ஊதியத்துக்காகவோ அவர்கள் காக்கவில்லை. தறி வீட்டிலேயே இருந்தது. தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. ஆதலின் தொழிலின்மொழியும் வீட்டின்மொழியும் ஒன்றாகவே நிலைத்தன. தோல் தொழிலிற் களம் வேறு, வீடு வேறு. நெசவிலோ இரண்டும் ஒன்று. தொழில் நடைபெறும் இடம் மொழியின் ஆயுளை நிறுவுகின்றது என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். தறிகள் வீட்டைவிட்டு ஆலைக்குப் பெயர்ந்தால், அம்மொழி வழங்கும் இடமும் சுருங்கும் என எதிர்பார்க்கலாம்.

6. மொழி ஒன்றாயிருந்தும்

இனி இக்கட்டுரையின் உயிர்நாடியான சான்றுக்கு வருவோம். வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையினின்று தமிழகம் நோக்கி ஏதிலிகள் அலையலையாக வந்தனர். 1990-களின் தொடக்கத்திலும், 1996-க்குப் பின்னரும், 2006-க்குப் பின்னரும் மீண்டும் வந்தனர். மொத்தம் வந்தோர் மூன்று இலட்சத்தினும் மிக்கவர். ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். 2021-ஆம் ஆண்டில் அரசு அறிவித்த கணக்கின்படி ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களிலும், 34,000 பேர் முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்தனர்.

இவர்கள் பேசுவது தமிழ். வழிபடும் தெய்வங்களும், பிள்ளைக்கு இடும் பெயரும், படிக்கும் குறளும் நம்முடையவையே. பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளொடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். மொழியே கலப்பின் திறவுகோல் என்னும் கொள்கை உண்மையாயின், இவர்கள் பத்தாண்டுக்குள் தமிழக மக்களொடு வேற்றுமையின்றிக் கலந்திருத்தல் வேண்டும். நாற்பதாண்டு கடந்தும் அது நிகழவில்லை.

இதன் காரணம் சட்டத்தில் உள்ளது. 1951-ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை; ஏதிலியர்க்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆகவே முகாமில் வாழ்வோர் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டார். 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின்படி, உரிய ஆவணமின்றி வந்தோர் பதிவின் வாயிலாகவோ நெடுங்கால வாழ்வின் வாயிலாகவோ குடியுரிமை பெற இயலாது. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்களாவர். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோரின் குடியுரிமை வேண்டும். ஒரே முகாமில், ஒரே தாய்வயிற்றில் பிறந்த அக்காள் குடிமகளாகவும் தம்பி அயலானாகவும் ஆதல் இதனாற் கூடும். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளைக் குறித்ததேயன்றி இலங்கையைக் குறிக்கவில்லை.

சட்டநிலை தொழிலைக் கட்டுப்படுத்திற்று. முகாமினின்று வெளியே சென்று வருதற்கு நேர வரையறையும், ஆள் சரிபார்ப்பும் இருந்தன. ஆதலின் அன்றன்று கிடைக்கும் கூலிவேலையே இவர்க்கு உரியதாயிற்று. சுவர்க்கு வண்ணம் பூசுதலும் கட்டட வேலையும் முகாம் ஆடவரின் வழக்கமான தொழில்கள். பட்டம் பெற்ற இளைஞரும் வண்ணத் தூரிகையையே ஏந்த நேர்ந்தது. அரசுப் பணித்தேர்வு அவர்க்கு இல்லை. கற்ற கல்வி ஊதியமாக மாறும் வழி அடைபட்டிருந்தது. மொழி இருந்தது; கல்வி இருந்தது; உழைப்பு இருந்தது; உரிமை ஒன்றே இல்லை.

2021 ஆகத்தில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றிற்று. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் மேல்மொணவூரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் முகாம்வாழ் குடும்பங்களுக்கான 3,510 புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். 2025 செப்டம்பரில் இந்திய அரசு, 2015 சனவரி 9-ஆம் நாள்வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்மைக்குரிய தண்டனையினின்று விலக்கி ஆணை பிறப்பித்தது. இவை நல்ல படிகள். ஆயினும் வீடு வேறு, நாடு வேறு. தண்டனையினின்று விலக்கப்படுதல் வேறு, குடிமகனாக ஏற்கப்படுதல் வேறு.

முகாம்களில் வாழ்வோருள் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். அதாவது, தமிழகத்தினின்று தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ சாத்திரி உடன்படிக்கையின்படி இந்தியக் குடியுரிமை பெற்றுத் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்க்கெனத் தமிழக அரசு நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களை அமைத்து வேலை தந்தது. அதே குடியைச் சார்ந்தோர், கலவரத்துக்கு அஞ்சிப் படகில் வந்தமையால் அயலாராயினர். குடிவழியும் மொழியும் ஒன்று. வந்த வழி வேறு. வந்த வழியே வாழ்வை வகுத்தது.

7. முகாமின் தமிழ்

மொழி ஒன்று என்றோம். ஆயினும் வழக்கு ஒன்றன்று. நம்மவர் ‘பேசினான்’ என்பதை ஈழத்தவர் ‘கதைத்தான்’ என்பர். ‘புரிந்தது’ என்பதற்கு ‘விளங்கியது’. ‘புறப்பட்டான்’ என்பதற்கு ‘வெளிக்கிட்டான்’. ‘விரைவாக’ என்பதற்கு ‘கெதியாய்’. ‘எலுமிச்சை’ என்பதற்கு ‘தேசிக்காய்’. ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பன அவர் வழக்கு. நாம் போர்த்துக்கீசிய மொழியினின்று பெற்ற ‘சாவி’யை வழங்க, அவர்கள் ‘திறப்பு’ என்னும் தூய தமிழ்ச் சொல்லை வழங்குகின்றனர். நாம் ‘சோப்பு’ என்பதை அவர் ‘சவர்க்காரம்’ என்பர். மறுதலையாக, அவர்தம் ‘பாண்’ போர்த்துக்கீசிய மொழியினின்று வந்தது. அயற்சொல் இருவரிடத்தும் உண்டு; புகுந்த இடமே வேறு.

முகாமிற் பிறந்த பிள்ளை வீட்டில் ‘கதைக்கிறது’, பள்ளியிற் ‘பேசுகிறது’. வீட்டில் ‘ஓம்’ எனவும், கடையில் ‘ஆமாம்’ எனவும் கூறுகின்றது. வேற்றுமொழியாளர் இரு மொழிகளை இடம் பிரித்து வழங்குதல்போல, இப்பிள்ளைகள் ஒரே மொழியின் இரு வழக்குகளை இடம் பிரித்து வழங்குகின்றனர். ஊரார் வழக்கைப் பேசினால் ஊரார் ‘எங்கிருந்து வந்தாய்?’ எனக் கேளார். ஆகவே வழக்கை மாற்றுதல் இவர்க்குப் புலவர் பிரச்சினையன்று. நாள்தோறும் தம்மை மறைத்துக்கொள்ளும் ஒரு கருவி. சென்னைக்கும் கோவைக்கும் உரிய வழக்கு வேறுபாட்டை நாம் சுவையாகக் கேட்டு மகிழ்கின்றோம். இவர்தம் வழக்கோ அடையாள அட்டையை நினைவூட்டுவதாக அமைந்துவிட்டது. மொழி கலப்பதற்குத் துணையாவதன்றி, வேற்றுமையைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு என்பது இதனால் தெளிவாகும்.

8. வடபுலத் தொழிலாளர்

இன்று ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் நிலையங்களிலும் கட்டடப் பணிகளிலும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களினின்று வந்த தொழிலாளர் உழைக்கின்றனர். இவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள். எங்கும் சென்று வேலை செய்யும் உரிமை அரசியலமைப்பால் இவர்க்கு உண்டு. ஆனால் மொழி இல்லை. மேற்பார்வையாளர் ஒருவரின் இந்தியையே நம்பி வேலை நடக்கின்றது. ஊதியக் கணக்கிற் பிழை நேர்ந்தாலும், கையில் இயந்திரம் பட்டாலும், மருத்துவரிடம் நோயைக் கூறுதற்கும் இடையில் ஒருவர் வேண்டும். 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபொழுது பலர் அஞ்சி ஊர் திரும்ப முற்பட்டனர். அக்கம்பக்கத்தாரொடு பேசும் மொழி இருந்திருப்பின் அப்பொய்யை அவர்கள் எளிதிற் கண்டுகொண்டிருப்பர்.

ஈழத்தமிழர்க்கு மொழி இருந்தது, உரிமை இல்லை. வடபுலத்தார்க்கு உரிமை இருந்தது, மொழி இல்லை. இருவரும் நாட்கூலியாகவே நிற்கின்றனர். ஒன்று குறைந்தால் மற்றொன்று அதனை நிறைவு செய்யாது என்பதற்கு இவ்விரு குடிகளையும் அருகருகே நிறுத்திக் காண்டலே போதும்.

9. பிறநாட்டு ஒப்புமை

மேனாட்டில் பாரி சிசுவிக்கு, பால் மில்லர் என்னும் பொருளியலறிஞர், குடிபுகுந்தோர் மொழியறிவுக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். புதுமொழியைக் கேட்டுப் பழகும் வாய்ப்பு, கற்கும் திறன், கற்றதனால் வரும் ஊதியம் ஆகிய மூன்றும் மொழிப்பேற்றை நிறுவும் என்பது அவர் கொள்கை. செருமனி நாடு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடிபுகுந்தோர்க்கு 600 மணி நேர மொழிவகுப்பை அமைத்தது. உகாண்டா நாடோ 2006-ஆம் ஆண்டின் ஏதிலியர் சட்டத்தால் முதலில் வேலை செய்யும் உரிமையை வழங்கிற்று. குடியிருப்புப் பகுதிகளிற் பயிரிட நிலமும் தந்தது. முன்னது மொழியினின்று தொடங்கிற்று. பின்னது தொழிலினின்று தொடங்கிற்று.

ஆற்காட்டு வட்டாரச் சான்றுகள் அம்மூன்றனொடு வேறிரண்டையும் சேர்க்க வேண்டும் எனக் காட்டுகின்றன. ஒன்று மதிப்பு, வாணியம்பாடி இலப்பைகள் உருதுவை ஏற்றமை ஊதியத்தால் மட்டும் விளங்காது. மற்றொன்று உரிமை, மேல்மொணவூர் இளைஞர்க்குக் கேட்கும் வாய்ப்பும் திறனும் குறைவில்லை, கற்றதன் பயனைப் பெறும் உரிமையே குறை.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படும். ஆளவந்தோர் சொற்களைத் தந்து தொடரமைப்பைப் பெற்றனர். வணிகர் மதிப்பை நாடி மொழி மாறினர். நெசவாளர் தறி வீட்டிலிருந்தமையால் மொழி காத்தனர். ஏதிலியர் மொழியால் ஒன்றாயிருந்தும் சட்டத்தால் வேறாயினர். தொழிலாளர் சட்டத்தால் ஒன்றாயிருந்தும் மொழியால் வேறாயினர். தொழில், மொழி, உரிமை என்னும் மூன்று வாயில்களும் தனித்தனியே திறக்கப்பட வேண்டியவை. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றவை தாமே திறக்கும் எனக் காத்திருத்தல் பயன் தராது.

உரிமை வாயிலைத் திறத்தல் அரசின் கடமை. மொழி வாயிலைப் பொறுத்தவரை தமிழ்த்துறைகட்கும் பங்குண்டு. முகாம்களில் வழங்கும் ஈழவழக்கைப் பதிவு செய்தல் உடனே செய்ய வேண்டிய பணி. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, மலையகம் எனப் பல வட்டாரங்களினின்று வந்தோர் ஒரே முகாமில் கூடி வாழ்ந்தமையால் அங்கு ஒரு கலவை வழக்கு தோன்றியுள்ளது. முதல் தலைமுறை மறையுமுன் அதனைத் தொகுத்தல் வேண்டும். தோல் களங்களில் வழங்கும் தமிழ், உருதுத் தொழிற்சொற்களுக்கு அகராதி வேண்டும். வடபுலத் தொழிலாளர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் ஏற்ற எளிய பேச்சுத்தமிழ்ப் பாடநூல் வேண்டும். தமிழை வேற்றுநாட்டார்க்குக் கற்பிக்கும் நூல்கள் பல உள. தமிழ்நாட்டின் ஆலைவாயிலில் நிற்பார்க்குக் கற்பிக்கும் நூல்களோ அருகியே காணப்படுகின்றன.

திமிரியின் கடைத்தெருவிற் சற்று நேரம் நின்று செவிகொடுப்பார்க்குத் தமிழும், தக்கணியும், தெலுங்கும், இப்பொழுது இந்தியும் கேட்கும். வந்த மொழிகளையெல்லாம் இம்மண் முன்பும் ஏற்றது. வந்த மனிதரையும் அவ்வாறே ஏற்குமாயின், தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடம் வகுத்ததுபோல் நாம் திசைமாந்தர்க்கும் இடம் வகுத்தவராவோம்.